மிளகுக் கொடியும் சிக்கனப் பெட்டியும்
அம்பிட்டியக் கிராமங்களுக்குச் சுயஉதவிக் குழுக்கள் தரும் படிப்பினை

கண்டி நகரின் தென்கிழக்கே, தலாத்துஓயாவுக்குச் செல்லும் பாதையில் அமைந்துள்ளது அம்பிட்டிய. மலைச்சரிவுகளில் படிப்படியாக அமைந்த வீட்டுத்தோட்டங்களே இவ்வூரின் செல்வம். பலாவும் தென்னையும் கமுகும் மேலே நிழல் பரப்ப, அவற்றினிடையே கராம்பும் சாதிக்காயும் கோப்பியும் வளர, மரந்தோறும் மிளகுக் கொடி பற்றி ஏறி நிற்கும். புதிதாய்க் காண்போருக்கு இது காடெனத் தோன்றும். ஆயினும் இங்குள்ள மரங்களிற் பெரும்பாலானவை யாரோ ஒருவர் பயன் கருதி நட்டவை, அல்லது தானே முளைத்ததைப் பயன் கருதி விட்டுவைத்தவை.

இத்தகைய தோட்டத்துக்கு உரியவர் பணமுடையால் வருந்த நியாயமில்லை என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. தோட்டம் பணம் தரும் மாதம் ஒன்று. வீட்டுக்குப் பணம் வேண்டிய மாதம் மற்றொன்று. பாடசாலைத் தவணை தொடங்கும் வேளையிலோ, வீட்டில் ஒருவர் நோயுறும் வேளையிலோ மிளகு முற்றியிருப்பதில்லை. அவ்வேளையில் வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரி கொடியிலுள்ள பச்சைக்காய்க்கே விலை பேசுகிறார். பணம் கையில் வந்துவிடுகிறது. வருடம் முழுவதும் வளர்த்த பயனில் ஒரு பங்கு கையைவிட்டுப் போய்விடுகிறது.

அப்பங்கு எவ்வளவு என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் நலம். மிளகு பூத்ததிலிருந்து முற்றுவதற்கு 6 முதல் 8 மாதங்கள் வரை செல்லும். கதிரில் ஓரிரு மணிகள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறும்போது அக்கதிர் பறிப்பதற்குரியது. அவ்வாறு முற்றிய பச்சை மிளகு ஏறத்தாழ 3 கிலோ உலர்ந்தால் 1 கிலோ கருமிளகு கிடைக்கும். முற்றாத காயோ நீர் மிகுந்தது, உள்ளீடு நிரம்பாதது. அதனை உலர்த்தினால் மணி சுருங்கி, கையிலெடுத்தால் பதர்போலப் பாரமற்றிருக்கும். எண்ணெய்ச்சாறு வடிப்போர் அத்தகைய இலேசான மிளகையும் வாங்குவதுண்டு. ஆயினும் மணி நிறைந்த கருமிளகை வளர்த்துப் பாதியில் பறித்துக் கொடுப்பது, கதிர் முற்றாத நெல்லை அறுத்துக் கொடுப்பது போன்றதே.

இக்குறையைப் புதிய மிளகினமோ உரமோ தீர்க்கமாட்டாது. மிளகு முற்றும்வரை அவ்வீட்டார் காத்திருக்கக்கூடிய அளவுக்குச் சிறுதொகையொன்று, தாங்கக்கூடிய வட்டியில், வேண்டிய நாளிற் கிடைத்தல் வேண்டும். அதனைக் கொடுப்பவர் யார் என்பதே கேள்வி. அயலிலுள்ள 15 பெண்கள் சேர்ந்தால் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ளலாம் என்பதனை இந்தியக் கிராமங்களின் அநுபவம் காட்டியிருக்கிறது. அது எவ்வாறு கெட்டுப்போகும் என்பதனையும் அதே அநுபவம் காட்டியிருக்கிறது. இரண்டும் அறியத்தக்கவை.

ஊரில் ஏற்கெனவே உள்ளவை

கூடிச் சேமிக்கும் வழக்கம் இவ்வூர்களுக்குப் புதியதன்று. சீட்டுப் பிடித்தலைத் தமிழரும் சிங்களவரும் ஒரே பெயரால் வழங்குகின்றனர். மரண உதவிச் சங்கம் இல்லாத கிராமத்தையோ தோட்டத்தையோ காண்பது அரிது. சந்தாப் பணம் பெறுதல், பெயர் குறித்தல், சாவு வீட்டுக்குக் கூரைத்துணியும் நாற்காலிகளும் அனுப்புதல் ஆகியவற்றில் இச்சங்கங்கள் காட்டும் ஒழுங்கு பல காரியாலயங்களில் இல்லை என்று கூறினும் மிகையாகாது.

எனினும் இவ்விரண்டிலும் ஒவ்வொரு குறையுண்டு. சீட்டில் ஒருவருடைய முறை வரும் மாதமும் அவருக்குப் பணம் தேவைப்படும் மாதமும் ஒன்றாய் அமைவது தற்செயல். அன்றியும், சுற்று முடிந்ததும் சீட்டு முடிந்துவிடும். பொதுநிதி எதுவும் மிஞ்சுவதில்லை. மரண உதவிச் சங்கத்தில் நிதி உண்டு. ஆனால் அது சாவுக்கு உரியது, வாழ்வுக்கு உரியதன்று. சீட்டிலுள்ள தவறாத சேமிப்பையும், மரண உதவிச் சங்கத்திலுள்ள நிலையான பொதுநிதியையும் ஒன்றாக்கி, அந்நிதியிலிருந்து அங்கத்தவருக்குக் கடன் கொடுப்பதே சுயஉதவிக் குழுவின் சாரம்.

தும்பறை முதல் கேகாலை வரை

கண்டிச் சீமைக்கு இக்கருத்துப் புதியதன்று. இலங்கையின் முதலாவது கூட்டுறவுக் கடன் முயற்சி 1906இல் கண்டிக்குக் கிழக்கேயுள்ள தும்பறைப் பகுதியிலேயே தொடங்கிற்று. ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1911இல், கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழில் அவை ஐக்கிய நாணய சங்கங்கள் என வழங்கப்பட்டன. ஆரம்பத்தில் அவற்றை மேற்பார்வை செய்தது விவசாயத் திணைக்களமே. 1930இல் கூட்டுறவுக்குத் தனித் திணைக்களம் அமைந்தது.

அச்சங்கங்களுக்கு மாதிரியாய் அமைந்தவை ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கமக்காரரிடையே தொடங்கிய கடன் சங்கங்கள். அவருடைய விதி கடுமையானது: சங்கம் ஓர் ஊருக்குள் அடங்கவேண்டும், ஒருவர் கொடாத கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. ஒருவரையொருவர் அறியாதார் இவ்விதிக்கு உடன்படமாட்டார். சங்கம் சிறிதாய் இருந்ததன் காரணம் அதுவே.

அதே 1930ஆம் ஆண்டில், கனடாவிற் பிறந்து இலங்கைத் தமிழரொருவரை மணந்து இந்நாட்டவரான மருத்துவர் மேரி இரத்தினம் அம்மையார், கனடாவின் கிராமிய மாதர் சங்கங்களைப் பின்பற்றி லங்கா மகிளா சமிதியைத் தோற்றுவித்தார். கிராமப் பெண்கள் தமக்கெனக் கூட்டம் கூடி, தாமே தலைமை தாங்கி, சுகாதாரமும் கைத்தொழிலும் தோட்டச் செய்கையும் பயிலும் வழக்கத்தை அது பரப்பிற்று. 1958இல் அவருக்கு ரமொன் மக்சேசே விருது அளிக்கப்பட்டது.

பின்வந்த காலம் பெரிய சங்கங்களின் காலம். 1957 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. 1970களின் தொடக்கத்தில் அவை மேலும் இணைக்கப்பட்டுப் பிரதேசமளாவியவை ஆயின. அரிசியும் சீனியும் பங்கிடுவதற்குப் பெரிய சங்கம் ஏற்றதாய் இருந்திருக்கலாம். கடன் கொடுப்பதற்கு அது ஏற்றதன்று. ஏனெனில் கடன் கேட்பவரின் குணத்தை அறிந்தவர் அவருடைய அயலவரேயன்றிப் பட்டணத்து எழுதுவினைஞர் அல்லர். சிறு கடன் சங்கங்கள் பல சோர்ந்து கிடந்த வேளையில், 1978இல் பி. ஏ. கிரிவந்தெனிய என்பார் கேகாலை மாவட்டத்திலிருந்து அவற்றுக்குப் புத்துயிரூட்டத் தொடங்கினார். சணச என இன்று அறியப்படும் சிக்கன கடனுதவிச் சங்கங்களின் இயக்கம் அது. 1997இல் அவ்வியக்கம் தனக்கென வங்கியொன்றையும் நிறுவிற்று.

இந்தியாவில் நிகழ்ந்தது

அம்பிட்டியவுக்கும் இந்தியாவுக்கும் பழைய தொடர்பொன்று உண்டு. 1893இல் பாப்பரசரால் நிறுவப்பட்ட குருமடத்துக்கு இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் மாணவர் வந்து பயின்றனர். 1955இல் அது பூனா நகருக்கு மாற்றப்பட, இலங்கையின் தேசிய குருமடம் இங்கு நிலைபெற்றது. அன்று பயில்வதற்காக அங்கிருந்து இங்கு வந்தனர். சுயஉதவிக் குழுவைப் பொறுத்தமட்டில் இங்குள்ளோர் அங்கு நோக்கவேண்டியுள்ளது.

தென்னிந்தியாவில் தொண்டாற்றிய மைராடா என்னும் நிறுவனம் 1980களின் முற்பகுதியில் கிராமங்களிற் பெரிய கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து, அவற்றின் மூலம் கடன் கொடுத்துவந்தது. 1984, 1985 அளவில் அச்சங்கங்களுட் சில பிளவுற்றன. தலைவர் சிலரின் ஆதிக்கத்தை ஏனையோர் வெறுத்தனர். ஆனால் பிரிந்து சென்றவர்கள் கடனை ஏமாற்ற விரும்பவில்லை. சிறு சிறு கூட்டங்களாய்க் கூடி, பெரிய சங்கத்தை நம்பமாட்டோம், கடனை மைராடாவிடமே நேரே கட்டிவிடுகிறோம் என்றனர். அப்பணத்தைத் தமக்குத் தரவேண்டாம், சிறு கூட்டத்திடமே கட்டி, அங்கேயே நிதியாக வைத்துக்கொள்ளுமாறு நிறுவனத்தார் கூறினர். இவ்வாறு ஒரு திட்டத்தின் தோல்வியிலிருந்தே சுயஉதவிக் குழு பிறந்தது. அவ்விடத்தில் வேறோர் உத்தியோகத்தர் இருந்திருந்தால் பிளவைச் சீர்செய்யவே முயன்றிருப்பார்.

அக்குழுக்களை நிறுவனம் தெரிந்தெடுத்து அமைக்கவில்லை என்பதே இங்கு கருதத்தக்கது. அங்கத்தவர் தாமே ஒருவரையொருவர் தெரிந்துகொண்டனர். ஒரே தொழில், ஒரே ஊற்றில் நீர் எடுத்தல், ஒரே வறுமை, முன்னர் ஒருவருக்கொருவர் செய்த உதவி ஆகிய ஏதோவொன்று அவர்களைப் பிணைத்திருந்தது.

1982இல் நிறுவப்பட்ட நபார்டு எனும் தேசிய விவசாய, கிராமிய அபிவிருத்தி வங்கி 1987இல் மைராடாவின் முயற்சிக்குப் பண உதவி அளித்தது. 1989இல் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் அமைக்கப்பட்டன. 1992இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் பரீட்சார்த்தத் திட்டத்தை நபார்டு தொடங்கியது. 1998இல் கேரளத்தில் குடும்பசிறீ இயக்கம் தோன்றியது. அங்கே அயற்கூட்டத்துப் பெண்கள் தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாகப் பயிர் செய்யும் அளவுக்கு வளர்ந்தனர்.

குழுவில் 20 பேருக்கு மேற்படக்கூடாது என்னும் வரையறை எங்கிருந்து வந்தது என்பது சுவையானது. அக்காலத்து இந்தியக் கம்பனிச் சட்டப்படி, இலாபம் கருதிச் சேரும் 20 பேருக்கு மேற்பட்ட கூட்டம் பதிவு செய்யப்படல் வேண்டும். பதிவின் தொல்லையைத் தவிர்க்கவே 20 என்று வைத்தனர். ஆயினும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கணக்குப் பேசுவதற்கும் அவ்வெண்ணிக்கையே போதும் என்பது பின்னர் அநுபவத்தால் தெரிந்தது.

இக்குழுக்கள் கைக்கொண்ட ஐந்து விதிகள் பஞ்சசூத்திரம் எனப்பட்டன. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, குழுவுக்குள் கடன் கொடுத்தல், காலத்தில் திருப்பிக் கொடுத்தல், ஒழுங்கான கணக்கு என்பன அவை. வங்கிக்கடன் இவ்வைந்தில் ஒன்றன்று. ஆறு மாதமளவு இவற்றை ஒழுகிக் காட்டிய குழுவுக்கே வங்கி கடன் கொடுத்தது. அதுவும் குழுவின் சேமிப்புக்குச் சமமாகத் தொடங்கி, நாளடைவில் நான்கு மடங்குவரை.

அம்பிட்டியச் சரிவில் ஒரு குழு

இனி, ஒரே சரிவில் வாழும் 15 பெண்கள் சேர்ந்த குழுவொன்றைக் கருதுக. ஒவ்வொருவரும் வாரம் ரூபா 100 சேமித்தால், 52 வாரங்களில் ரூபா 78,000 சேரும். தொகை பெரிதன்று. ஆனால் அது பெட்டியில் உறங்கும் பணமன்று. இரண்டாம் மாதம் முதலே அங்கத்தவர் கையில் உலவும் பணம். ஒருவர் மிளகு முற்றுவதற்கு நான்கு மாதம் இருக்கையில் ரூபா 10,000 கடன் பெறுகிறார் என்று கொள்க. மாதமொன்றுக்கு நூற்றுக்கு ரூபா 1.50 வட்டியெனின் நான்கு மாதத்துக்கு ரூபா 600 ஆகும். அந்த 600 ரூபாவும் குழுவின் நிதியிலேயே சேர்வதால், கொடுத்தவருக்கும் அதில் பங்குண்டு. வட்டியை மாதந்தோறும் கட்டி, முதலை மிளகு விற்றவுடன் கட்டலாம் என்று குழுவே தீர்மானிக்கலாம். தோட்டத்தின் காலக்கணக்கை அறிந்தவர் வகுக்கும் தவணைக்கும், அதனை அறியாதவர் வகுக்கும் தவணைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கணக்கைக் கூட்டத்தில் உரத்து வாசித்தல் இன்றியமையாதது. கண்டியைச் சூழ்ந்த ஊர்களில் சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் அயலவராய் வாழ்கின்றனர். ஒரு மொழியில் மட்டும் எழுதப்பட்டுக் காரியதரிசியின் வீட்டில் பூட்டிவைக்கப்படும் புத்தகம் குழுவின் புத்தகமாகாது. எழுதப்படிக்க இயலாத அங்கத்தவரும் தம் சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதை வாரந்தோறும் காதாற் கேட்கவேண்டும். ஒவ்வொருவரிடமும் தனித்தனிச் சிறுபுத்தகம் இருப்பதும், பெட்டி ஒருவரிடமும் திறப்பு மற்றொருவரிடமும் இருப்பதும் நன்று. இது அவநம்பிக்கையன்று, நம்பிக்கைக்கு இட்ட வேலி.

கூட்டாய்ச் செய்யத்தக்கது எது, தனித்துச் செய்யத்தக்கது எது என்பதிலும் தெளிவு வேண்டும். குழு அமைந்தவுடன் எல்லோரும் சேர்ந்து ஊறுகாய் போடவோ மெழுகுவர்த்தி வார்க்கவோ தொடங்கும்படி தூண்டுவது பல திட்டங்களில் காணப்பட்ட வழக்கம். இலாபம் யாருடையது, வேலைக்கு வராதவர் யார் என்னும் பிணக்கில் அவற்றுட் பல முடிந்தன. மிளகுச் செய்கை அவரவர் தோட்டத்திலேயே நடைபெறட்டும். பறித்தபின் உள்ள வேலைகளே கூட்டு முயற்சிக்கு ஏற்றவை. உதிர்த்த மணிகளைக் கொதிநீரில் ஒரு நிமிடமளவு அமிழ்த்தி எடுத்தால் அழுக்கு நீங்கும். விரைவில் உலர்ந்து ஒரே சீரான கருநிறம் பெறும். அதன்பின் நிலத்திற் படாமல் சுத்தமான பாயிலோ சீமெந்துத் தளத்திலோ பரப்பி, ஈரம் நூற்றுக்கு 12 வீதமளவுக்குக் குறையும்வரை உலர்த்தவேண்டும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பெரிய அண்டா ஒன்று, பாய்கள் சில, சரியான தராசு ஒன்று ஆகியன குழுவுக்குப் பொதுவாய் இருப்பின் போதும். 15 வீட்டு மிளகு ஒரே தரமாய், ஒரே நாளில், குழுவின் தராசில் நிறுக்கப்பட்டு நிற்கும்போது, வியாபாரி பேசும் தொனியே மாறும்.

குழு என்னும் பெயர் கெட்டது

இங்கு எச்சரிக்கையொன்று கூறவேண்டியுள்ளது. ஆந்திரப் பிரதேசத்தில் 2000ஆம் ஆண்டின் பின்னர் இலட்சக்கணக்கான பெண்கள் சுயஉதவிக் குழுக்களில் ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தனர். அதே பெண்களை நாடித் தனியார் நுண்கடன் கம்பனிகளும் வந்தன. கூட்டம் ஏற்கெனவே கூடியிருந்தது. தவணை கட்டும் பழக்கம் படிந்திருந்தது. கம்பனிக்கு வேண்டியது அவ்வளவே. ஒரே பெண் மூன்று நான்கு இடங்களிற் கடன்பட்டார். ஒன்றைக் கட்ட மற்றொன்றைப் பெற்றார். கடன்பட்டோர் சிலர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வெளிவரவே, 2010 ஒக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து அக்கம்பனிகளைக் கட்டுப்படுத்தியது. அதனைத் தொடர்ந்து கடன் திரும்புவது ஏறக்குறைய நின்றுபோயிற்று.

இலங்கையும் இதனின்று தப்பவில்லை. போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும், பின்னர் ஏனைய மாவட்டங்களிலும், நுண்கடன் கம்பனிகள் பெண்களைக் குழுவாய்ச் சேர்த்துக் கடன் கொடுத்தன. அக்குழுவுக்குச் சேமிப்பு இல்லை, பொதுநிதி இல்லை, கணக்குப் புத்தகமும் இல்லை. ஒருவர் கட்டாவிடின் மற்றையோர் கட்டவேண்டும் என்னும் பொறுப்பு மட்டும் இருந்தது. 2016இல் நுண்நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற சிறு கடன்களை அரசு பொறுப்பேற்கும் திட்டம் 2018இல் வந்தது. எனினும் 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருக்கவேண்டிய நிலை ஏற்பட்டது.

ரைபைசனின் சங்கத்திலும் பிறர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பாய் இருந்தனர் அன்றோ என வினவலாம். ஆம். ஆனால் அங்கே பணமும் தீர்மானமும் அவர்களுடையவை. பின்னையதில் பணமும் தீர்மானமும் வெளியாருடையவை. வெட்கமும் பகையும் மட்டுமே ஊராருடையவை. வாரத் தவணை கேட்டு வருபவருக்கு மிளகு எந்த மாதம் முற்றும் என்ற கவலை இல்லை. அத்தவணைக்காகப் பச்சைக்காயை விற்ற வீட்டுக்கு, கடன் வாங்கியதன் பயன் யாது?

ஆதலால் வெளிக்கடன் தர எவரேனும் முன்வரும்போது, நம் நிதியிலிருந்து இதுவரை எத்தனை கடன் கொடுத்து, எத்தனை திரும்பப் பெற்றோம் என்பதைக் குழு தன் புத்தகத்தைத் திறந்து பார்க்கவேண்டும். அப்பக்கங்கள் வெறுமையாய் இருப்பின் வெளிக்கடனுக்கு வேளை வரவில்லை.

உத்தியோகத்தருக்கும் சில கூறவேண்டும். ஆண்டு முடிவதற்குள் இத்தனை குழு அமைத்தாகவேண்டும் என்னும் கட்டளை நல்ல குழுவுக்குப் பகை. மானியம் வரும் என்று கேட்டுச் சேர்ந்தவர், மானியம் கிடைத்ததும் கலைந்துவிடுவர். அன்றியும், மிக வறியவர் இக்குழுக்களுக்கு வெளியே நின்றுவிடும் அபாயம் எங்கும் உண்டு. வாரம் 100 ரூபா இயலாதவரை ஏனையோர் விரும்பிச் சேர்ப்பதில்லை. அவரும் கூச்சத்தால் வருவதில்லை. சரிவின் அடியில் மூன்று மிளகுக் கொடி மட்டும் உடையவர்கள், அருகிலுள்ள தோட்ட லயத்தில் நிலமே இல்லாதவர்கள் ஆகியோர் தமக்கெனத் தனிக்குழு அமைத்து, வாரம் 20 ரூபாவிலேயே தொடங்குவது, பெரிய குழுவின் ஓரத்தில் பேசாமல் அமர்ந்திருப்பதிலும் நன்று. தலைவி, காரியதரிசி, பொருளாளர் ஆகிய பதவிகள் ஆண்டுதோறும் கைமாறவேண்டும். மைராடாவின் பெரிய சங்கங்கள் பிளவுற்றது எதனால் என்பதை மறத்தலாகாது.

தோட்டம் பெரும்பாலும் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்க, கடன் மட்டும் மனைவியின் பெயரில் இருப்பதும் கவனிக்கத்தக்கது. மிளகு விற்ற பணம் யார் கைக்கு வரும் என்பதைக் கடன் வழங்குமுன்னரே அக்குழு அவ்வீட்டில் பேசித் தெளிதல் வேண்டும். பேசுவதற்கு நாணம் தடையாயின், அயலவரான இரு மூத்த பெண்கள் சென்று பேசுவது இவ்வூர்களில் வழக்கத்துக்கு மாறானதன்று.

மிளகுச் செய்கை, பறித்தல், உலர்த்தல் பற்றிய ஆலோசனைகளை ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் விரிவாக்க உத்தியோகத்தரிடமும், ஏனைய வீட்டுத்தோட்டப் பயிர்கள் பற்றிய ஆலோசனைகளை விவசாயப் போதனாசிரியரிடமும் பெறலாம். குழு தொடங்க விரும்புவோர் கொடி பூக்கும் காலத்திலேயே தொடங்குவது ஏற்றது. அப்போது முதற் கதிர் பழுக்குமுன் 6 மாதச் சேமிப்பு பெட்டியில் இருக்கும். பச்சைக்காய்க்கு விலை பேச வரும் வியாபாரியிடம், இன்னும் இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்ல முடியும்.